ஃபர்ஸ்ட் இயர் மாணவர்களுக்கு: கட்டாயப் பயிலரங்குகளுக்குப் போய் வருவது எப்படி

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் கைக்கு வரும். நேரத்தைத் திட்டமிடுதல், நூலகப் பயன்பாடு, மேற்கோள் காட்டும் முறை, மனநலம், பாலியல் சீண்டல் தடுப்பு, பணத்தைக் கையாளுதல், வேலைக்குத் தயாராவது என்று எட்டோ பத்தோ பயிலரங்குகள் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததுமே பலருக்கு மனம் விட்டுப்போகிறது. அட்டெண்டன்ஸுக்காகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். நூலகப் பயிலரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கையெழுத்துத் தாள் வந்ததும் போட்டுவிட்டு நழுவிவிட்டேன். மூன்று மாதம் கழித்து என் முதல் பெரிய அசைன்மெண்ட் மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்தது. இரண்டு பத்திகளை எங்கிருந்து எடுத்தேன் என்று நான் குறிப்பிடவே இல்லை. எனக்கு அது தவறு என்றே தெரியாது. அதைத் திருத்த ஒரு மாலை முழுக்க என்னோடு உட்கார்ந்தவர், அன்று மேடையில் பேசிய அதே நூலகர். “இதைத்தானேம்மா அன்னைக்கு சொன்னேன்” என்று அவர் கோபமில்லாமல் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த மூன்று வருடமும் சீனியராக இருந்து இதே பயிலரங்குகளை நடத்த உதவினேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. அங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி மறந்துபோகும், அது பரவாயில்லை. எந்தச் சிக்கல் வந்தால் யாரிடம் போவது, எந்த அறைக் கதவைத் தட்டுவது என்பது மட்டும் தெரிந்துவிட்டால் அது படிப்பு முடியும்வரை கூட வரும். கீழே நான் சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

இதெல்லாம் ஏன் கட்டாயம்?

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1970 மே மாதம், வியட்நாம் போருக்கு எதிரான கொந்தளிப்பு அமெரிக்கக் கல்லூரிகளில் உச்சத்தில் இருந்தது. தென் கரோலினா பல்கலைக்கழக மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் நிர்வாகத் தலைவர் தாமஸ் ஜோன்ஸை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே அடைத்து முற்றுகையிட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் யோசித்தது, மாணவர்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது என்று. 1972-ல் புதிதாகச் சேர்பவர்களுக்காக ‘யுனிவர்சிட்டி 101’ என்ற பாடம் அங்கே தொடங்கியது. பிறகு பல கல்லூரிகள் அதைப் பார்த்துத் தங்களுக்கு ஏற்ற வடிவத்தில் எடுத்துக்கொண்டன. புதியவரும் கல்லூரியும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் வேர். விருப்பப்பட்டவர் மட்டும் வரலாம் என்று விட்டால், யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்கள்தான் வரத் தயங்குவார்கள். கட்டாயம் என்று வைப்பதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் காரணம் இதுதான்.

முதலில் பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

பட்டியலை போட்டோ எடுத்து வைத்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் தேதி, அறை எண், வருகை எப்படிப் பதிவாகிறது என்ற மூன்றையும் கையால் எழுதுங்கள். இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சில இடங்களில் உள்ளே வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது இன்னொன்று. சில இடங்களில் கடைசியில் திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் கணக்கு. இரண்டு மணி நேரம் முழுசாக உட்கார்ந்திருந்தும், படிவம் அனுப்ப மறந்ததால் வராதவர் பட்டியலில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை நிமிடம் தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள், உடம்பு சரியில்லாமல் போனால் மறுபடி எப்போது நடக்கும் என்பதையும் முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பயிலரங்கு பல தேதிகளில் நடந்தால் முன்னால் வரும் தேதியை எடுங்கள். எல்லாரும் கடைசித் தேதிக்குத் தள்ளிப்போடுவார்கள். அப்போது அரங்கு நிரம்பி வழியும், தேர்வும் நெருங்கியிருக்கும், பேசுபவரும் களைத்துப் போயிருப்பார். முதல் கூட்டத்தில் முப்பது பேர் இருந்த இடத்தில் கடைசிக் கூட்டத்தில் இருநூறு பேர் இருந்தால், உங்களுடைய கேள்விக்கு எங்கே நேரம் இருக்கும்?

போகும் முன் பத்து நிமிடம்

ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தலைப்பைப் பற்றிப் பொதுவாக இல்லாமல், உங்கள் சொந்த நிலைமையிலிருந்து வரும் கேள்வியாக இருக்கட்டும். நேரத்தைத் திட்டமிடும் பயிலரங்குக்குப் போகிறீர்கள் என்றால், “தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது, அந்த நேரத்தில் எதைப் படித்தால் மனதில் நிற்கும்?” என்று எழுதுங்கள். கேள்வியோடு உட்காருகிறவருக்குப் பேச்சு வேறு மாதிரி காதில் விழும். தனக்கான வரி வரும்போது நிமிர்ந்துவிடுவார்.

எங்கே, யாரோடு உட்காருவது

இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. பேசுபவர் முகம் தெரியும், முடிந்ததும் எழுந்து அவரிடம் போவதற்கு வழியும் இருக்கும். முதல் வரிசை கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

யாரோடு என்பது இதைவிடக் கடினம். முதல் சில நாட்களில் கிடைத்த நான்கு நண்பர்களோடு கூட்டமாகப் போய் ஒன்றாக உட்காரத்தான் தோன்றும். புது இடத்தில் தெரிந்த முகம் பெரிய ஆறுதல், எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனாலும் மூன்று பயிலரங்குக்கு ஒரு தடவையாவது தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். வேறு துறை மாணவர்களை ஒரே அறையில் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இரண்டாம் வருடத்துக்குப் பிறகு அபூர்வமாகிவிடும். என் நெருங்கிய தோழியை நான் சந்தித்தது மனநலப் பயிலரங்கில், பேனா கடன் கேட்டபோதுதான்.

அறிமுகச் சுற்று வந்தால்

“பெயர், ஊர், உங்களைப் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம் சொல்லுங்கள்” என்று ஒலிவாங்கி கைமாறத் தொடங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எல்லாரும் நம்மையே கவனிக்கிறார்கள், நாம் தடுமாறினால் வருடம் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்குப் பாடகர் ஒருவரின் படம் பெரிதாக அச்சிட்ட, போட்டுக்கொள்ளவே சங்கடப்படும் டி-ஷர்ட்டைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் தடுமாற்றமும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும் அளவுக்கு மற்றவருக்குத் தெரியாது. பாதிப் பேர் தங்கள் முறைக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வாக்கியத்தை முன்னாலேயே தயார் செய்துகொள்ளுங்கள். அதில் மற்றவர் பிடித்துப் பேச ஒரு நுனி இருக்கட்டும். “எனக்கு ஓவியம் பிடிக்கும்” என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “இப்போது பென்சிலில் முகம் வரையப் பழகுகிறேன், கண் மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது” என்றால், வரையத் தெரிந்த ஒருவர் உங்களைத் தேடி வருவார். அப்புறம் மற்றவர்கள் பேசும்போது இரண்டு பெயர்களையாவது காதில் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வராந்தாவில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும். சொந்த வாழ்க்கையின் வலிகளைச் சொல்லும்படி யாராவது கேட்டால் “இதைச் சொல்ல விருப்பமில்லை, அடுத்தவருக்குப் போகலாம்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

குறிப்பு: நான்கே விஷயம்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். அவர் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அர்த்தமுள்ள பேச்சு அத்தனை வேகமாக மறக்காது என்றாலும், ஒரு வாரத்தில் மூன்று பயிலரங்கு கேட்டால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். திரையில் வருவதை எல்லாம் எழுதுவது வீண். அதைக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள்.

ஒரு பயிலரங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: பேசியவரின் பெயர், அவரைப் பார்க்கும் இடமும் நேரமும், நான் செய்யப்போகும் ஒரே ஒரு காரியம், பதில் கிடைக்காத ஒரு கேள்வி. பாட வகுப்புக்கு வேண்டுமானால் 1950-களில் கார்னெலின் வால்டர் பாக் வகுத்த முறை நன்றாக இருக்கும். தாளின் இடப்பக்கம் குறுகலாக ஓர் ஓரப்பகுதியை விட்டு அதில் கேள்விகள், வலப்பக்கம் குறிப்புகள், அடியில் சுருக்கம். பயிலரங்குக்கு அவ்வளவு தேவையில்லை. இந்த நான்கு வரிப் பக்கங்களை ஒரே நோட்டில் சேர்த்துவாருங்கள். வருடக் கடைசியில் அது உங்கள் கல்லூரியின் வரைபடமாகவே ஆகிவிடும்.

புரியவில்லை என்றால் கேட்பது

டேல் மில்லரும் கேத்தி மெக்ஃபார்லண்டும் 1987-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, புரியாவிட்டால் வந்து கேளுங்கள் என்று சொன்னார்கள். மாணவர்கள் கேட்கப் போகவில்லை. தான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் மற்றவர்கள் கேட்காமல் இருப்பதைப் பார்த்து, அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பயிலரங்கின் கடைசியில் “ஏதாவது சந்தேகம்?” என்ற கேள்விக்குப் பிறகு வரும் மௌனம் இதேதான். அரங்கின் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: ஒருவர் கை தூக்கியதும் அடுத்த நிமிடமே ஐந்து கைகள் எழும்.

எல்லார் முன்பும் கேட்க முடியாது என்றால் பரவாயில்லை, முடிந்ததும் நேராகப் பேசுபவரிடம் போங்கள். அதுவும் முடியாது என்றால் மறுநாள் மின்னஞ்சல்: “நேற்றைய மேற்கோள் பயிலரங்கில் இருந்தேன். ஒரு இணையப் பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லை என்றால் எப்படிக் குறிப்பிடுவது என்பது எனக்கு விளங்கவில்லை. உங்களை எப்போது வந்து பார்க்கலாம்?” இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம். தங்கள் பேச்சை ஒருவர் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்பதில் அவர்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

எந்தப் பயிலரங்கில் எதைப் பிடித்துக்கொள்வது

நூலகமும் மேற்கோளும்: இதற்கு முழுக் கவனம் கொடுங்கள். பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் மட்டும்தான் திருட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கருத்தை எடுத்து வார்த்தையை மாற்றி எழுதினாலும் மூலத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய அசைன்மெண்டை மறுபடி வேறு பாடத்துக்குக் கொடுப்பதும் பல இடங்களில் விதிமீறல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், அதனால் ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனியாகக் கேளுங்கள். உங்கள் துறைக்கென்று ஒரு நூலகர் இருக்கிறாரா என்று அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

மனநலம்: “எனக்கு ஒன்றும் இல்லையே” என்ற நினைப்பில் பலர் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். நல்லது, நன்றாக இருக்கும்போதே வழியைத் தெரிந்துகொள்வதுதான் எளிது. ஆலோசகரைப் பார்க்க எப்படிப் பதிய வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பேசியது வெளியே போகாமல் எந்த அளவுக்குக் காக்கப்படும், எந்தச் சூழலில் அவர் பிறரிடம் சொல்லியாக வேண்டும், நள்ளிரவில் அவசரம் என்றால் யாருக்கு போன் செய்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் அந்த அறையை விட்டு வராதீர்கள். எண்ணை அப்போதே போனில் சேமியுங்கள். அது உங்களுக்குப் பயன்படாமல் போகலாம், உங்கள் ரூம்மேட்டுக்கு ஒரு ராத்திரி பயன்படலாம்.

பாலியல் சீண்டலும் பகடிவதையும் (ராகிங்): இங்கே விதிகளை விட முக்கியமானது, பார்க்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது. பிப் லடானேயும் ஜான் டார்லியும் 1968-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருவரைத் துன்புறுத்தும்போது எல்லாரும் சும்மா நிற்பது ஏன் என்று இதிலிருந்து புரியும். நேரடியாகத் தடுக்க முடியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரிடம் போய் “உன்னை வார்டன் கூப்பிடுகிறார்” என்று சொல்லி அங்கிருந்து அழைத்து வரலாம், பெரியவர் ஒருவரைக் கூட்டி வரலாம், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து “நான் பார்த்தேன், நீ என்ன செய்ய நினைக்கிறாயோ நான் கூட வருகிறேன்” என்று சொல்லலாம். புகார் யாரிடம், எந்த வடிவில் கொடுப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்படி ஏற்கெனவே நடந்திருந்து, அரங்கில் உட்காருவதே கனமாக இருந்தால் எழுந்து வெளியே வரலாம். முன்கூட்டிச் சொன்னால் வேறு வழியில் முடிக்க அனுமதிப்பார்களா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம், பணம், வேலை: இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டால் போதும். இந்த மாதச் செலவை எழுதுவது, கடன் வாங்கிப் படிப்பவர் திருப்பிக் கட்டும் நிபந்தனையை ஒரு தடவை முழுசாகப் படிப்பது, ஒரு பக்க அளவில் சுயவிவரம் தயாரிப்பது. வேலைக்கான பயிலரங்கு முதல் வருடத்தில் சீக்கிரமோ என்று தோன்றினால் அது நியாயம்தான். அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவைத்துவிட்டு வாருங்கள்.

பயிலரங்கு நன்றாக இல்லை என்றால்

சில பயிலரங்குகள் உண்மையிலேயே மோசமாக இருக்கும். திரையில் இருப்பதை வரி வரியாக வாசித்து இரண்டு மணி நேரத்தைக் கடத்துவார்கள். அது உங்கள் குறை இல்லை. அப்போதும் அந்த நான்கு வரியை நிரப்பிவிட்டு வரலாம். கருத்துப் படிவம் தந்தால் அக்கறையோடு எழுதுங்கள். நான் அந்தப் படிவங்களை அடுக்கி வைத்துப் படித்திருக்கிறேன். “போரடித்தது” என்று எழுதியதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. “விதிகளைச் சொன்ன முதல் அரை மணியைத் தாளாகக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் ஒரு உதாரணக் கட்டுரையை எல்லாரும் சேர்ந்து திருத்தலாம்” என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த வருடம் அப்படியே மாற்றினோம்.

மறுநாளைக்குள்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பயிலரங்கு முடிந்த அன்று இரவு, நோட்டைத் திறக்காமல், என்ன கேட்டோம் என்று நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள். 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது.

பிறகு நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு காரியத்துக்கு நாளும் இடமும் குறியுங்கள். பீட்டர் கோல்விட்சரும் வெரோனிக்கா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் ஒரு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நேரத்துக்கு எழுதி முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். ஆகவே “நூலகரைப் பார்க்க வேண்டும்” என்று எழுதாமல், “வியாழன் மூன்றாவது வகுப்பு முடிந்ததும் நேராக நூலகத்துக்கு” என்று எழுதுங்கள். வேலை இல்லாவிட்டாலும் ஒரு தடவை அந்த அறை வரை நடந்துபோய்ப் பாருங்கள். ஒரு தடவை போன இடத்துக்கு இரண்டாம் தடவை போக அவ்வளவு தயக்கம் இருக்காது.

தவறவிட்டுவிட்டால்

அன்றே பொறுப்பாளருக்கு எழுதுங்கள். என்ன காரணம் என்று ஒரு வரி, அடுத்து எப்போது நடக்கிறது என்று ஒரு கேள்வி. நண்பரை விட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

கடைசியில் எழுதச் சொல்லும் அந்த ஒரு பக்கம்

பல இடங்களில் எல்லாப் பயிலரங்குகளும் முடிந்ததும் ‘நான் கற்றது’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். பெரும்பாலானோர் “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறு எண்ணம் உண்டு. கிரெகரி வால்ட்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதல் வருட மாணவர்களுக்கு ஒரு மணி நேர அமர்வு ஒன்றை நடத்தினார்கள். ‘இங்கே எனக்கு இடமில்லையோ’ என்ற கவலை ஆரம்பத்தில் எல்லாருக்கும் வருகிறது, போகப்போகக் குறைகிறது என்று சீனியர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காக எழுதவும், கேமரா முன் பேசவும் வைத்தார்கள். அடுத்த மூன்று வருடத்தில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

அதனால் அந்தப் பக்கத்தை அடுத்த வருடம் வரப்போகிறவருக்கு எழுதுங்கள். முதல் மாதம் எதற்குப் பயந்தீர்கள், அது எப்போது குறைந்தது, யார் உதவினார்கள் என்று உங்கள் நோட்டைப் பார்த்து எழுதுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்திருந்து, புதிய பிள்ளைகள் வந்ததும் யாருக்காவது கொடுங்கள்.

நான் எழுதிய தாள் இப்படித் தொடங்கியது: “நூலகரின் அறை இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கு இடப்பக்கம். கதவு சாத்தியிருந்தாலும் தட்டு, உள்ளேதான் இருப்பார்.”